முழங்கையைத் தொட்டுக் கொடுத்த துப்பாக்கி

பிள்ளைகளா, இன்று லத்தா கடைத்தெருவில் கைபேசிக் கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து அமுக்கிப் பார்த்தீர்களே, கடைப் பெண்ணும் சிரித்துக்கொண்டே நின்றாளே, அப்போது என் மூக்கில் எண்ணெய் வாசனை அடித்தது. துப்பாக்கி எண்ணெய். கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த காற்றுத் துப்பாக்கிக் கடை அதே இடத்தில்தான் இருந்தது.

சிரிக்காதீர்கள், உங்கள் அப்பா துப்பாக்கி விற்றவன்தான்! எலியையும் காக்காயையும் விரட்டுகிற துப்பாக்கி. ஆனாலும் முதல் வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு குஷி.

முதலாளியை சயா என்போம். அவர் சட்டம் கறாரானது. வாங்க வந்தவர் பார்க்கக் கேட்டால், முதலில் குழலை மடித்துத் திறந்து, உள்ளே காலி என்று இருவரும் பார்க்க வேண்டும். பிறகு குழல் கூரையைப் பார்க்க இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். விசையில் விரல் கூடாது. குறி வைப்பதென்றால் மூலையில் இருந்த மணல் மூட்டையை மட்டும். குண்டு போட்டுச் சுட்டுப் பார்ப்பது சயா முன்னால்தான்.

ஒருநாள் த்வாண்டேயிலிருந்து மா ச்சோ என்றொரு அக்கா வந்தார். தாயார் தமிழ், வீட்டில் நெல் மூட்டைகளை எலி விடவில்லையாம். மூத்தவர் கேட்டதும் எனக்கு நம்மூர் பர்மிய மரியாதை தன்னால் வந்துவிட்டது. இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் நீட்டினேன். அந்தக் கனம் நிற்குமா? துப்பாக்கி சாய்ந்து நேரே சயாவின் வயிற்றைப் பார்த்தது.

அக்கா புறங்கையால் குழலை மேலே தட்டினார்.

“ஐயய்ய, தம்பி! துப்பாக்கி குடுக்குறியா, விபூதி குடுக்குறியா? மொதல்ல தொறந்து காட்டு!”

மடித்தேன். உள்ளே குண்டு.

சயா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “காலைல வந்தானே மூக்குக் கண்ணாடிக்காரன், அவன்தான் போட்டிருப்பான்,” என்றார் பர்மியில்.

போட்டது நான். கடை திறந்ததும், யாரும் இல்லாத நேரத்தில், அது உள்ளே உட்கார்கிறதைப் பார்க்க ஆசைப்பட்டேன். ஆள் வரவும் அப்படியே மூடி மாட்டிவிட்டேன். சொன்னால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

அக்கா இடுப்பில் கட்டிய லொங்கியை இறுக்கிக்கொண்டு, அந்தக் குண்டையே மூட்டையில் சுட்டார். டப்! மணல் பீய்ச்சி அடித்தது. மூவரும் எங்களை அறியாமல் கத்தினோம்.

“இதையே கட்டிக் குடுங்க. மொதலாளியையே விட்டுவச்ச நல்ல துப்பாக்கி!”

அடுத்த வாரம் கண்ணாடிக்காரர் வாங்கவே வந்தார். சயா தொடக்கூட விடவில்லை. “நா என்ன பண்ணேன்?” என்று கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் துடைத்த குழலையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடை போய்விட்டது. சயாவும் இறந்து போய்விட்டார். அந்த மூலையில் இப்போது கைபேசி உறைகள் தொங்குகின்றன. உங்களை அம்மாவோடு பஸ் ஏற்றிவிட்டு, “ஒரு வேல இருக்கு” என்றேனே, அது இதுதான்: திரும்பிப் போய், உறை பார்ப்பவன்போல நின்று, அவருக்குப் புரிகிற பர்மியில், “சயா, அந்தக் குண்டு நான் போட்டது,” என்று மெல்லச் சொன்னேன்.