இருபத்திரண்டு டிகிரி நாற்காலி

கிள்ளானில் எங்கள் தேவாலயத்துக்கு ஸ்டீல் நாற்காலிகள் வாங்கியவர் என் கணவர். ஆலயக் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம். பழைய மர பெஞ்சுகள் பின்கட்டில் கிடந்தன. திங்கட்கிழமை லோரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

அதற்குள் பெஞ்சுகளை மீட்டுவிட வேண்டும் என்று ஆன்டிமார் கொடி பிடித்தார்கள். ஏர்கோன் ஓடும் கூடத்தில் ஸ்டீலில் உட்கார்ந்தால் முட்டிவலி கூடுகிறதாம்.

"ஐஸ் கட்டி மேல உக்கார வெச்சிட்டியே தம்பி," என்றார் அவர்களில் மூத்தவர்.

நான் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குளிர் அறைகளுக்கு வெப்பத் தடுப்பாகப் போகும் ரப்பர் நுரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்று அளப்பதுதான் என் வேலை. கணவர் என் வெப்பமானியை இரவல் வாங்கிப்போய், ஒரு பெஞ்சைக் கூடத்துக்குள் இழுத்துப் போட்டு, சற்று நேரம் கழித்து எல்லார் முன்னிலையிலும் பெஞ்சையும் ஸ்டீல் நாற்காலியையும் அளந்தார்.

"ரெண்டும் இருபத்திரண்டு டிகிரி. எல்லாம் மனசுலதான் ஆன்டி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "டிகிரி ஒண்ணுதாங்க. ஆனா ஸ்டீல் நம்ம உடம்புச் சூட்டை மளமளன்னு இழுத்துக்கும், மரம் அப்படி இழுக்காது. நமக்குச் சில்லுனு தெரியுறது அந்த இழுப்புதான்."

"நம்பர் நம்பர்தான் லா."

சரி, இனி ஸ்டீலே பேசட்டும் என்று விட்டுவிட்டேன். மனிதர் ஞாயிறுதோறும் வாசலில் நின்று வரவேற்பவர். அந்த நாற்காலியில் ஓர் ஆராதனை முழுக்க உட்கார்ந்ததே இல்லை. இதை மட்டும் ஆன்டிமார் காதில் போட்டுவைத்தேன். சனிக்கிழமையே அவர்களிடமிருந்து என் கணவருக்குப் போன் வந்துவிட்டது, நாளைக்கு முன்வரிசையில் எங்களோடு உட்கார வேண்டும் என்று.

மறுநாள் பாஸ்டரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. ஆன்டிமார் நெளிந்தார்கள். என் கணவரோ ராஜா மாதிரி அசையாமல் இருந்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். அவரும் வேறு வழியில்லாமல் எழுந்தார். நாற்காலியில் கறுப்பாக ஒரு ரப்பர் நுரைத் துண்டு. நான் சோதனைக்காக வீட்டில் வைத்திருந்த துண்டு, என் கையெழுத்திலேயே லேபல்!

ஆன்டிமார் பாட்டை நிறுத்தவில்லை, சத்தம்தான் கூடியது. ஆசீர்வாதம் முடிந்ததும் நான் போய் நுரையை எடுத்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மூத்த ஆன்டி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கணவரின் தோளைத் தட்டினார்.

"லோரிக்காரனுக்கு வர வேணாம்னு போன் போட்டுட்டு வா தம்பி. ஒரு பக்கம் நீ பிடி, பெஞ்சை உள்ள தூக்கணும்."