மனைவி: ஒன்று மட்டும்

அவளை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் பதினோரு வருஷம் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர் ‘கட்டம்’. சாப்பாட்டு டப்பாவில்கூட நாலு தடுப்பு இருக்க வேண்டும் அவளுக்கு. ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டால் அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

நான் மெய்ப்பு பார்ப்பவள். இறப்பு அறிவிப்புகள் என் பொறுப்பில் இருந்தன. முன்பெல்லாம் ஜனங்கள் கவுண்டரில் நின்று அழுதுகொண்டே என்னத்தையாவது எழுதிக் கொடுப்பார்கள். ‘எங்களை நடுத்தெருவில் விட்டுப் போன அப்பா’ என்று ஒருவர் எழுதியதை நான் ஒரு எழுத்துகூட மாற்றாமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். பிறகு புது மென்பொருள் வந்தது. ஒரு தடவை பதிந்தால் போதும், அதுவே இணையதளம், போன், அச்சு என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு டெம்ப்ளேட் போடும் வேலை கட்டத்திடம் வந்தது.

“அக்கா, அறிவிப்புன்னா லெட்டர் இல்ல. அதைத் துண்டு துண்டாப் பிரிக்கணும்” என்று எனக்கு விளக்கினாள். “பேர் ஒரு கட்டம், பிறந்த தேதி ஒரு கட்டம், வேலை, மனைவி, பிள்ளைங்க தனித்தனி. எது கட்டாயம், எதுல எத்தனை பேர் வரலாம்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா, அப்புறம் யாரும் தப்பு பண்ண முடியாது.”

“அழறதுக்கு எந்தக் கட்டம்?” என்று கேட்டேன். முறைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வருவது வருஷத்துக்கு ஒரு முறை.

ஒப்புதல் கூட்டத்தில் விளம்பரப் பிரிவுத் தலைவர் கேட்டார்: “பிள்ளைங்க கட்டத்துல எத்தனை வேணா போடலாம்னு வச்சிருக்கீங்க. மனைவின்னா ஒண்ணே ஒண்ணுதானா? சில வீட்ல ரெண்டு இருக்குமே?”

“சட்டப்படி ஒருத்திதான் சார். கட்டமும் ஒண்ணுதான். ஒரு ஆளுக்கு ஒரே அறிவிப்பு. ரெண்டாவதா யாராவது வந்தா சிஸ்டம் ஏத்துக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவள் அப்பா வீட்டை விட்டுப் போய், ஊரின் மறுகோடியில் ஒரு தையல்காரியோடு குடித்தனம் வைத்தவர். அம்மா கடைசிவரை விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடவில்லை. எனக்குத் தெரிந்து அந்த அம்மாள் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைச் சொல்வார்: “அவன் செத்தா பேப்பர்ல பொண்டாட்டின்னு என் பேர்தான் வரணும். அவ பேரு எந்த மூலையிலயும் வரக்கூடாது.” அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள் மகள். அந்தச் சத்தியத்தைத்தான் டெம்ப்ளேட்டாகப் போட்டு வைத்தாள், ஊருக்கே சேர்த்து.

அந்தக் கட்டத்தில் முதலில் மாட்டியவர் ஒரு பழைய கடிகாரக் கடைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாமலே இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் செத்துப்போயிருந்தாள். அறிவிப்பு கொடுப்பவர் இறந்தவருக்கு என்ன உறவு என்ற பட்டியலில் கணவர், மகன், மகள், சகோதரர் எல்லாம் இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. கவுண்டர் பெண் கட்டத்தைக் கூப்பிட்டாள். இவள் போய்ப் பார்த்துவிட்டு, “கடைசியா ஒண்ணு இருக்கு பாருங்க, ‘அறிமுகமானவர்’. அதைப் போடுங்க” என்றாள். அவர் அச்சுப்படியைக் கண்ணாடி போட்டு ஒரு முறை, கழற்றி ஒரு முறை படித்தார். “சரிம்மா, உங்க வசதி” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவளோடு நான் பேசவில்லை. நான் பேசாததை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் அப்பா இறந்துபோனார். அவர் டிரைவராக இருந்த பஸ் டெப்போவிலிருந்து யாரோ போன் பண்ணிச் சொன்னார்கள். அழுவாள் என்று நினைத்தேன். கணினியைத் திறந்து அறிவிப்பை எடுத்தாள். தையல்காரி முந்திக்கொண்டால் அம்மா பெயருக்கு இடமில்லையே! பெயரை அடித்தாள். மனைவி என்ற கட்டத்தில் அம்மா பெயரை அடித்தாள். பிறந்த தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இறந்த இடம், கடைசியாகப் பார்த்த வேலை, மருத்துவச் சான்று எண் எல்லாம் வரிசையாகக் கேட்டது. எல்லாம் கட்டாயம். ஒன்றை விட்டாலும் சேமிக்காது. அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மாவுக்கும் தெரியவில்லை.

“அக்கா, துணைக்கு வர்றீங்களா?” என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

தையல் கடையும் வீடும் ஒன்றுதான். மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, துணி வெட்டும் மேசையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். இவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போனில் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள், ரேஷன் கார்டுக்கு விவரம் எடுக்க வந்தவள் மாதிரி. தையல்காரி அலமாரியைத் திறந்து காகிதங்களை எடுத்துக் கொடுத்தார்.

“கடைசியா என்ன வேலை பாத்தாரு?”

“பட்டன் தச்சாரும்மா.”

“பஸ் டிரைவர்தானே?”

“கண்ணு போயி ஆறு வருஷம் ஆச்சேம்மா. சுகர். உங்களுக்குத் தெரியாதா?” தையல்காரி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “காலையில இருபது ஊசி கோத்து வச்சிடுவேன். தடவித் தடவியே தச்சிடுவாரு. ஒரு பட்டன் கோணலா இருக்காது.”

“பட்டன் பட்டியல்ல இல்ல” என்றாள் இவள். ‘ஓட்டுநர்’ என்பதைத் தொட்டாள். அப்போதாவது ஒரு முறை அந்த மேசையைப் பார்த்திருக்கலாம். எனக்கு அவளை அங்கேயே ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது.

எல்லாம் முடிந்தபின் தையல்காரி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “என் பேரு எங்கம்மா வரும்?”

“அறிமுகமானவர்னு ஒண்ணு இருக்கு. அது கட்டாயம் இல்ல.”

“அப்ப வேணாம்மா” என்றார் அவர். மேசை மேல் கிடந்த நூல்கண்டை எடுத்து டப்பாவில் போட்டார். கடைசிக் கட்டம் தொடர்புக்கான போன் எண். அதுவும் கட்டாயம். இவள் அம்மாவின் எண்ணை அடித்துச் சேமித்தாள்.

அங்கிருந்து நேரே அம்மா வீட்டுக்குப் போனோம். பேப்பரில் மறுநாள்தான் வரும்; இணையதளத்தில் அதற்குள் வந்துவிட்டது. அந்த அம்மாள் எழுத்தைப் பெரிதாக்கித் தன் பெயரை மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். “அந்த வீட்டு வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். பேர் வந்துடுச்சு, எனக்கு அது போதும்” என்றார். முகமெல்லாம் பூரிப்பு. அவருக்குக் காது மந்தம் என்பதால் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். மணி அடித்தது.

“அண்ணி, நான் டெப்போலேர்ந்து பேசறேன். அண்ணன் போயிட்டாரே! ஆறு வருஷம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், கூட்டிட்டு வந்தீங்களே. பெத்த தாய்கூட அப்படிப் பாக்க மாட்டா அண்ணி.”

அம்மாள் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். போன் வைத்ததும் அடுத்தது வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி. “ஒரு வாரம் வெறுந்தரையில கிடந்தியே தாயி, சாப்பிட்டியா நீ?” என்று அழுதாள். அதற்கடுத்தவர் பட்டன் தைக்கக் கொடுத்த ஜவுளிக் கடைக்காரர். ஊசி கோத்துக் கொடுத்த கைக்குக் கும்பிடு போட வேண்டும் என்றார். அவர்கள் எல்லோருக்கும் அவர் மனைவியைத் தெரியும். பெயர்தான் தெரியாது.

“அம்மா, குடு. நம்பரை எடுத்துடறேன்” என்று மகள் கை நீட்டினாள். எடுத்தால் அந்த இடத்தில் வேறு எண் போட வேண்டும், காலியாக விட முடியாது. இந்தத் துக்க விசாரிப்பெல்லாம் போய்ச் சேர வேண்டிய எண் ஒன்றே ஒன்றுதான், தையல்காரியுடையது. அது அம்மாளுக்கும் புரிந்துவிட்டது. நீட்டிய கையைத் தட்டிவிட்டார்.

ஏழாவதோ எட்டாவதோ அழைப்பு. வயதான ஆண் குரல். “அண்ணி, கடைசியில நினைவு இருந்துச்சா அவருக்கு? ஏதாவது சொன்னாரா?”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருஷமாகப் புருஷனை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை. போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார்.

“என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு” என்றார்.

“பின்ன? வேற யாரைக் கூப்பிடப் போறாரு அண்ணி” என்றது அந்தக் குரல்.