பாதி உறைந்த படம்

பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து மறுபடி விற்கும் கம்பெனியில் அவளுக்குக் கேமரா மேசை. வருகிற ஒவ்வொன்றையும் திறந்து, கேமராவைப் போட்டு, திரையில் தன் முகத்தைப் பார்க்க வேண்டும். படம் மங்கலா, நிறம் சரியா, பக்கத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, மைக்குக்காக ஒரு "ஹலோ". அங்கே எல்லோருக்கும் அவள் கேமரா அக்கா. வீட்டில் கண்ணாடிப் பக்கமே போகமாட்டாள். "அந்தக் கொடுமையைப் பாக்கத்தானே சம்பளம் தர்றாங்க" என்பாள்.

மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை. கணவர் பஸ் டிரைவர், விடியுமுன் கிளம்பிவிடுவார். அன்று காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஓரமாக ஒழுகியது. தூக்கக் கலக்கம் என்று துடைத்துக்கொண்டு வேலைக்கு ஓடினாள்.

முதல் லேப்டாப்பில் படம் பாதி உறைந்து நின்றது. "ஹலோ" என்றால் வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது. 'கேமரா கோளாறு' என்று ஒதுக்கி வைத்தாள். அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும். மேசையோரம் அடுக்கு உயர, சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"என்னக்கா, எல்லாத்தையும் கழிச்சுக் கட்டுறீங்க?"

"நீங்களே பாருங்க சார். ஒரு பக்கம் அப்படியே நிக்குது."

அவர் உட்கார்ந்து பல்லைக் காட்டினார். முழுப் பல்லும் தெரிந்தது. திரும்பி அவளைப் பார்த்தவர் முகம் மாறியது.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"இருக்கிற வேலையில சிரிப்பு வேறயா?"

"சிரிங்கக்கா."

சிரித்தாள். அவர் கார் சாவியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், புருவத்தை உயர்த்தச் சொன்னார். "பக்கவாதம் இல்லம்மா, பயப்படாதீங்க. முகத்து நரம்புல வீக்கம். பெரும்பாலும் சரியாயிடும். ஒரு கண்ணு முழுசா மூடல, காய்ஞ்சு போகாம சொட்டு மருந்து விடணும். நல்லாத் தூங்குறீங்களா?"

அவள் மருந்துச் சீட்டை வாங்கி மடித்தாள்.

கணவர் யூனிஃபார்மோடு ஓடிவந்தார். "நேத்து ராத்திரி பேசினப்போ நல்லாத்தானே இருந்த?"

"நேத்து என் மூஞ்சியைப் பாத்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

தன் தங்கையை வரவழைத்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸை விட்டு வந்ததும் இவளைச் சாய்த்து உட்காரவைத்து, கண்ணில் மருந்து விட்டார். பாதி கன்னத்தில்தான் விழும். அவள் துடைக்காமலேயே தூங்கிப்போவாள். பகலிலும் தூங்கினாள். எழுந்தால் மறுபடி தூக்கம் வந்தது.

முகம் மெல்ல மெல்லத் திரும்பியது. உதட்டோரம் லேசான கோணல் மட்டும் தங்கிவிட்டது. வேலைக்குப் போன அன்று சூப்பர்வைசர், "கீபோர்டு மேசைக்கு மாத்தட்டுமாக்கா?" என்றார்.

"மாத்துங்க சார்" என்று உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்தத் தொடங்கினாள். நாத்தனார் ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி இன்றைக்கு யோசிக்க அவளால் முடியவில்லை.