வாசலில் கிடந்த பத்தாம் இலக்கச் செருப்பு

இராசமணி அக்கா கனடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள். அங்கத்தைய குளிர் முழங்காலைப் பிடுங்குகிறது என்று, மூன்று வருடமாக மார்கழி பிறந்ததும் கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கெலிஓயாவுக்கு வந்துவிடுவார். எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்துவிட்டுப் பங்குனியில்தான் திரும்புவார். கவனமான மனுஷி. நான்கு மாத மருந்து, டொக்டரின் கடிதம், காப்புறுதிப் பத்திரம் எல்லாம் கைப்பையில். ஓட்டோக்காரரிடம்கூட, "கெதியா விடுங்கோ, வீட்டில அவர் பாத்துக்கொண்டிருப்பார்" என்பார்.

அந்த "அவர்"தான் என் நிம்மதியைக் கெடுத்தார். வாசலில் ஆண் செருப்பு ஒரு சோடி, பத்தாம் இலக்கம். மாலையில் வீட்டைப் பார்த்துக் கிடக்கும், காலையில் தெருவைப் பார்த்து. ஆளை மட்டும் காணோம். மாநகர சபையில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவள் நான். என் கண்ணில் படாமல் ஓர் ஆள் வந்து போவதா? ஜன்னல் திரையை விலக்கி விலக்கிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

போன தை மாதம் ஒரு நாள், காலை ஒன்பது மணியாகியும் செருப்பு வீட்டைப் பார்த்தே கிடந்தது. எனக்கு என்னவோ போலிருந்தது. போய்த் தட்டினேன், பதில் இல்லை. பின்பக்கம் குளியலறையிலிருந்து முனகல் கேட்டது. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தோம். விடியற்காலையில் வழுக்கி விழுந்த அக்கா, இடுப்பெலும்பு முறிந்து ஈரத்தில் கிடந்தார். உடனே அம்புலன்சுக்குப் போன் பண்ணினேன்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அந்தச் செருப்பு யாரோடது?"

"ஒருத்தற்றையும் இல்லை. கண்டியில வாங்கினனான். வீட்டில ஆம்பிளை இருக்கு எண்டு நினைக்கட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் திருப்பி வைச்சனான்."

"யாருக்குப் பயந்து, அக்கா?"

"உங்களுக்குத்தான் சீதா. வந்த முதல் நாளே திரைக்குப் பின்னால நிண்டு பாத்தனீங்கள். நான் தனிய எண்டு தெரிஞ்சா என்ன செய்வீங்களோ எண்டு பயந்துபோனன்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

இந்த மார்கழியும் வந்திருக்கிறார், கைத்தடியோடு. பின்கதவுச் சாவி ஒன்று இப்போது என்னிடம். அக்கா எழுந்துவிட்டார் என்று நான் தெரிந்துகொள்ளத்தான் இப்போது செருப்பு திரும்புகிறது.

நேற்றுக் காலை நான் கொஞ்சம் அயர்ந்து தூங்கிவிட்டேன். போன் அடித்தது.

"என்ன சீதா, செருப்பைத் திருப்பிப் பத்து நிமிஷமாச்சு. இன்னும் எட்டிப் பாக்கேல்லையோ?"