கடை வாசலில் கிடந்த உப்பு

எண்பதுகளின் கடைசியில் லண்டன் வால்தம்ஸ்டோவில் மளிகைக்கடை திறந்தபோது ஒருவரையும் நம்புவதில்லை என்ற முடிவோடுதான் திறந்தேன். முக்கியமாகப் பக்கத்து வீடியோக் கடைக்காரரை. எனக்கு முன்பே இந்தக் கடையை எடுக்க அலைந்து கிடைக்காமல் போனவர் அவர். அப்படிப்பட்டவர் தினமும் சிரித்துக்கொண்டு, "தம்பி, வியாபாரம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டால் வயிற்றெரிச்சல் இல்லாமலா கேட்பார்? நானும் மனைவியும் இரவு பகலாக ஷிப்ட் அடித்துச் சேர்த்ததெல்லாம் அந்தக் கடைக்குள் இருந்தது. அது படுத்தால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை.

ஜனவரியில் கடுங்குளிர் வரப்போகிறது என்று ரேடியோ பயமுறுத்திக்கொண்டே இருந்தது. அரிசி மூட்டைகளை ஈரம் ஏறாமல் பலகைகளின் மேல் தூக்கி வைத்தோம். கதவிடுக்குகளில் பழைய பேப்பரை மடித்துச் செருகினோம். கட்டியாகிப்போன தேங்காயெண்ணெய்ப் போத்தல்களை ஹீட்டருக்குக் கிட்ட அடுக்கினோம். கண்ணாடிக்கு வெளியே நின்று வீடியோக் கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாள் என்னத்தை நோட்டம் பாக்குது?" என்றாள் மனைவி. எனக்கும் அதே கேள்விதான்.

மறுநாள் பின்னேரம் இருவரும் மொத்தக்கடைக்குப் போய்விட்டு வந்தபோது வாசலில் செம்மண் நிறத்தில் ஏதோ தூவிக்கிடந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். மண்ணோடு கலந்த உப்புக் கட்டிகள்.

"ஐயோ, கையாலை தொடாதேங்கோ! இது செய்வினை. சுடலை மண்ணாக்கும்," என்று கத்தினாள் மனைவி.

லண்டனில் சுடலை மண்ணுக்கு எங்கே போவது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஐஸ் பிடித்து வழுக்காமல் இருக்கத் தெருவுக்கு லொறி உப்புப் போடுவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு தமிழன் இன்னொரு தமிழனின் வாசலில் சும்மா உப்புப் போடுவான் என்று நம்ப மனம் வரவில்லை. வீடியோக் கடைக்காரர் வாசலிலும் அதே உப்புக் கிடந்தது. சந்தேகம் வராமல் இருக்கத் தனக்கும் கொஞ்சம் போட்டிருக்கிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன்.

உப்பைக் கூட்டி அள்ளித் தெருவோரம் கொட்டினேன். மனைவி இரண்டு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்து வாசலைக் கழுவினாள். தோஷம் போய்விட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனோம்.

காலையில் பின்கதவால் வந்து கடையைத் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் முன்வாசலில் தொப்பென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், மஞ்சள் பனிக்கட்டியின் மேல் வீடியோக் கடைக்காரர் கிடந்தார். வலது மணிக்கட்டு கோணிப்போய் இருந்தது. பக்கத்தில் ஒரு பை உடைந்து உப்புச் சிந்தியிருந்தது.

"நேற்று உங்கடை வாசலுக்கும் சேர்த்துத்தானே தம்பி உப்புப் போட்டனான். பிறகு எப்பிடி ஐஸ் பிடிச்சது?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தமிழ்ச் சனம் முழுக்கக் கதை பரவும், பிறகு கடைக்கு யார் வருவார்கள் என்று பயந்தேன்.

"பைப் வெடிச்சுத் தண்ணி வந்திட்டுது அண்ணை."

"ஓம், பழைய பைப். அதுதான் கறள் தண்ணி, மஞ்சளாக் கிடக்கு," என்றார். மஞ்சள் நிறத்துக்குத் துருவைக் காரணம் காட்டி, எனக்காக மீதிப் பொய்யையும் அவரே சொல்லிவிட்டார். கூசிப்போனேன்.

இரண்டு வாரம் கழித்து, கையில் மாவுக்கட்டோடு கடைக்கு வந்தார். கக்கத்தில், குளிரில் உறைந்து வெடிக்காமல் பைப்புக்குச் சுற்றும் ஸ்பொஞ்ச் உறைகள்.

"திரும்பவும் குளிராம். எங்கை வெடிச்சது, காட்டும் பாப்பம்."

மறுக்க வழியில்லை. பின்னறைத் தொட்டிக்குக் கீழே பைப் இணைப்பு ஒன்றைக் காட்டினேன். அவர் முழந்தாளில் இருந்து, கட்டுப்போட்ட கையால் அமுக்கிப் பிடித்து, இடது கையால் உறையைச் சுற்றினார். உதவப் போன என்னையும் தள்ளிவிட்டார். சுற்றுவதற்கு முன் அந்தப் பைப்பை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார்.

"நல்ல வேலைதான் தம்பி. வெடிச்ச இடமே தெரியேல்லை."

அதை நம்பித்தான் சொன்னாரா, எல்லாம் தெரிந்துகொண்டு சொன்னாரா என்று இன்றும் அவரைச் சந்தேகித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.