டொக்டரைக் கடித்த பிறிஜெற்

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற் என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். டொக்டரைக் கடித்த மனுசி என்று கேட்டால் நேரே எங்கள் ஒழுங்கைக்குக் கூட்டி வருவார்கள். வரும் வழியிலேயே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் என் அடுத்த வீட்டுக்காரி. நடந்ததெல்லாம் என் கண்முன் நடந்தது.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று யாரும் நம்பாத காலம் அது. அவளுடைய புருஷன் சூசைதாசன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். ஒருநாள் வேலையால் வரும்போது, பெரிய றோட்டில் இருந்த ஒரு பணக்கார வியாபாரியின் சீமை நாய் கேற்றைத் தாண்டிப் பாய்ந்து அவன் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. வயிற்றில் பதினாலு ஊசி போட வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். முதல் ஊசிகளுக்கே வயிறு வீங்கி, குனிந்து நிமிர முடியாமல் கிடந்தான்.

அப்போதுதான் வியாபாரி வீட்டிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் வந்தது. நாயைப் பரிசோதித்தேன், அது வெறிநாய் அல்ல, அதற்கு விசர் இல்லை என்று மிருக வைத்தியர் றேமண்ட் கையெழுத்து வைத்திருந்தார். டொக்டர் றேமண்ட் சும்மா ஆளா? ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் முழந்தாள் போடுகிறவர். வியாபாரியும் அவரும் ஒரே கிளப்பில் சீட்டு விளையாடுகிறவர்கள் என்பது எங்களுக்கு எங்கே தெரியும்? கோயிலில் முன்னுக்கு நிற்கிறவர் பொய் எழுதமாட்டார் என்று நம்பிப் பழகிய சனம் நாங்கள். பிறிஜெற் அன்றைக்கே ஊசியை நிறுத்தினாள். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினாள்.

நாய் அடுத்த கிழமை செத்தது. வளவுக்குள்ளேயே புதைத்துவிட்டு, பாம்பு கடித்தது என்று கதை கட்டினார்கள்.

சில கிழமை கழித்துச் சூசைதாசன் செத்த விதத்தைச் சொல்ல எனக்கு இன்றும் வாய் கூசுகிறது. தண்ணி, தண்ணி என்று கத்துவான். கோப்பையைக் கிட்டக் கொண்டுபோனால் தொண்டை இழுத்துப் பிடிக்கும், கோப்பையைச் சுவரில் அடித்து உடைப்பான். கதவில் தலையை மோதி நெற்றியைப் பிளந்துகொண்டான். சொந்தத் தம்பி பற்றிக்கின் கழுத்தை நெரித்தான். கட்டிலோடு அழுத்தப் பிடிக்க ஆம்பிளைகள் போதாமல் நானும் அவன் காலில் ஏறி உட்கார்ந்தேன். மூட்டை கட்டும் கயிற்றால் கைகளைக் கட்டியவள் பிறிஜெற். கட்டும்போது அவளுடைய முழங்கையைக் கடித்துச் சதையைப் பிடுங்கினான். கட்டிலிலேயே துடித்துத் துடித்து அடங்கினான். மரண விசாரணைக்கு வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. காயத்தால் வந்த ஏற்புவலி என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் ஒழுங்கை ஆம்பிளைகள் உலக்கையும் அலவாங்குமாக இறங்கி, கண்ட நாயையெல்லாம் மண்டையை உடைத்துக் கொன்றார்கள். பிள்ளைகள் சோறு போட்டு வளர்த்த நாய்களும் அதில் செத்தன. வியாபாரி வீட்டுக் கேற்றை மட்டும் ஒருவனும் தொடவில்லை. அவ்வளவுதான் எங்கள் வீரம்.

பற்றிக் துறைமுகத்தில் கிளாக். மச்சாள் பிறிஜெற்றை இழுத்துக்கொண்டுபோய்ப் பதினாலு ஊசியும் போடுவித்தான். பிறகு, மிருக வைத்தியர்களைப் பதிவு செய்கிற சபைக்குப் பெட்டிசம் எழுதினான். குற்றம் நிரூபணமானால் அந்தச் சபை டொக்டரைக் கண்டித்து விடலாம், கொஞ்சக் காலம் தொழிலை நிறுத்தலாம், அல்லது பதிவிலிருந்து பெயரையே வெட்டலாம்.

“பேரை வெட்டவேணும். அவர் இனி ஒரு நாய்க்கும் துண்டு எழுதக்கூடாது” என்றாள் பிறிஜெற்.

விசாரணைக்கு நானும் போனேன். நீள மேசைக்குப் பின்னால் மூன்று துரைமார், பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாசி, எதிரே டொக்டரும் அவருடைய அட்வக்கேற்றும். அட்வக்கேற் பொல்லாத ஆள்.

நாயும் இல்லை, நாயின் தலையும் இல்லை, விசருக்குச் சாட்சி எங்கே என்று கேட்டார். பிறிஜெற்றின் முழங்கைத் தழும்பைத் துரைமாருக்குக் காட்டினார். இவளைப் புருஷன் கடித்திருக்கிறான், அவனுக்கு விசர் என்றால் இவள் எப்படி உயிரோடு நிற்கிறாள் என்றார். ஊசி போட்டாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று துபாசி முதலிலேயே அதட்டி வைத்திருந்தார். தலைவர் துரை தலையாட்டத் தொடங்கியதும் எங்கள் வழக்கு போய்விட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அட்வக்கேற் அதோடு விட்டிருக்கலாம்.

“அந்தத் துண்டு கிடைத்த அன்று டொக்டரின் வீடு தேடிப்போய் அவருடைய கையை முத்தமிட்டுக் கொஞ்சினாயா, இல்லையா?”

“ஓம், கொஞ்சினனான்.”

“ஏன்?”

“என்ரை மனிசனைக் காப்பாத்திப்போட்டார் எண்டு.”

அட்வக்கேற் சிரித்தார். டொக்டரும் சிரித்தார். பிறிஜெற் நடந்துபோய், மேசையில் கிடந்த டொக்டருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, பெருவிரலுக்குக் கீழே கடித்தாள்.

கதிரை விழுந்தது, மைக்கூடு உருண்டது. அட்வக்கேற் அவளுடைய கொண்டையைப் பிடித்து இழுத்தார். பியோன் தடியால் முதுகில் அடித்தான், பிறகு வாயில் அடித்தான். அவள் விடவில்லை. மேசைத்துணியில் இரத்தம் சொட்டியது.

டொக்டர் இங்கிலீஷில் அலறினார், அதைப் பற்றிக் எனக்குப் பிறகு தமிழில் சொன்னான். துபாசிக்கு வேலையே இருக்கவில்லை.

“அந்த நாய்க்கு விசர்! என் கண்ணால் பார்த்தேன், வாயெல்லாம் நுரை! இவளுக்கும் வந்திருக்கும்! என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்! ஊசி! கார்!”

சொன்னது என்னவென்று அவருக்கே அப்போது தெரியவில்லை. அட்வக்கேற் மட்டும் கொண்டையை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலைவர் துரை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

டொக்டருக்காகக் கார் பறந்து வந்தது. எங்களுக்குப் பொலிஸ் வந்தது. கடித்ததற்காகப் பிறிஜெற்றை வெலிக்கடைச் சிறையில் ஒரு மாதம் போட்டார்கள். அவள் உள்ளே இருக்கும்போதுதான் சபையின் தீர்ப்பு வெளியானது. டொக்டர் றேமண்டின் பெயரைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

கேட்டால் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்துக்கொண்டு நான் வெலிக்கடைக்கு ஓடினேன். முன்பல் இரண்டும் போய், உதடு இன்னும் வீங்கிப்போய் இருந்தது அவளுக்கு.

“பேரை வெட்டிப்போட்டாங்கள் பிறிஜெற்!” என்றேன்.

அவள் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“அந்தாள் கத்தினவுடனை கார் வந்தது, என்ன?”

“ஓம்.”

“என்ரை மனிசன் கத்தேக்கை நான் கயிறெல்லோ கொண்டு வந்தனான்.”