அக்கா கேட்ட மன்னிப்பு

எங்கள் அக்கா கர்த்தரிடம் சேர்ந்து ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினருக்கும், அக்காவோடு கடலில் வேலை பார்த்த அனைவருக்கும், கூடப் பிறந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொல்லிக் கேட்டதுதான். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா நாசரேத்தில் பிறந்தார். அப்பா அறிவியல் ஆசிரியர், அம்மா தையல் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. பாளையங்கோட்டையில் விலங்கியல் படிக்கும்போது, வகுப்போடு தூத்துக்குடிக் கரைக்குப் போயிருந்தார் அக்கா. நீர் வற்றிய நேரம். பாறைக் குழி ஒன்றில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பவளத்தைக் கண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவிடம் சொன்னார்:

"கல்லுன்னு நெனச்சுத் தொட்டேம்பா. உயிருப்பா அது. சுருங்குச்சு."

அந்த விடுமுறையிலேயே நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். உடன்குடியில் மாமாவின் தோட்டத்துக் கிணறு. இடுப்பில் கயிறு கட்டி மாமா மேலே நின்று பிடித்துக்கொள்வார். "வயசுக்கு வந்த பிள்ள கெணத்துல குதிக்கான்னு ஊருல பேசுதாவ" என்று அப்பா வருத்தப்பட்டார். அம்மா தையல் எந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "பேசட்டும். கயிறு நல்லாக் கெட்டியிருக்கான்னு மட்டும் பாருங்க" என்றார். அக்காவின் படிப்புக்கு அம்மா செய்த உதவியை இந்த ஒரு சொல்லிலேயே அடக்கிவிடலாம்.

பவளப்பாறைகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அரசு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் அந்தமானில் வேலை பார்த்தார். நல்ல வேலை, நல்ல கடல். இருந்தும் மன்னார் வளைகுடாவுக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் இங்கே பெண்ணைப் படகில் ஏற்ற யாரும் சம்மதிக்கவில்லை. மூன்று வாரம் தினமும் விடியற்காலையில் கரைக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். நாலாவது வாரம் ஒருவர் ஏற்றிக்கொண்டார். திருமணப் பேச்சும் அந்தக் காலத்தில் வந்தது. "கடலுக்குப் போறத விட்டுருவாளா?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டதற்கு, அக்காவே முன்னறைக்கு வந்து "விட மாட்டேன் அத்தை" என்று பணிவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டுகளை நம் மீனவர்கள் 'பார்' என்பார்கள். அந்த நாட்களில் பவளப் பாரைக் கடப்பாரையால் உடைத்து, வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து, சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்பது இங்கே ஒரு தொழிலாகவே நடந்தது. அக்கா பல ஆண்டுகள் மூழ்கிப் பார்த்து, எங்கே எவ்வளவு அழிந்தது என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார். ஒரு நாள் தூத்துக்குடி மில்லர்புரத்தில் நான் மணமாகி வந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம், "நான் எழுதுகது படிக்கதுக்குத்தான் ஆவுது ஏளா. உடைக்கவன் அதப் படிக்க மாட்டான்" என்றார். மறு மாதம் நிரந்தர வேலையை விட்டுவிட்டார். அப்பா அவருடன் வெகுநாள் பேசவில்லை.

நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறிய அறக்கட்டளை தொடங்கினார். முதல் வேலையாகக் கல்லெடுப்பவர்கள் வாழும் ஒரு கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே கல்லெடுப்பவர்களுக்குத் தலைவராக இருந்தவர் மிக்கேல் அண்ணன். சங்கு குளித்துப் பழகியவர், பேச்சில் விட்டுக்கொடுக்காதவர்.

"பாரு எங்க பாட்டன் காலத்துக்கு முந்தியே கெடக்கு. நாங்க எடுத்தா தீந்துருமாக்கும்?" என்று கேட்டார்.

அக்கா தன் படகில் அவரை அழைத்துப்போய், காற்றுச் சிலிண்டர் மாட்டி, உயிரோடு இருக்கும் ஒரு பாரைக் காட்டினார். பிறகு அதற்கு அடுத்தாற்போல், அவருடைய ஆட்களே முன்பு உடைத்தெடுத்த இடத்தையும் காட்டினார். மேலே வந்ததும் அண்ணன், "ஒரு மீன்குஞ்சுகூட இல்லியே அங்கன" என்றாராம்.

அப்போது அக்கா சொன்ன சொல்லை இங்கே எழுதியாக வேண்டும். "பதினைஞ்சு வருசம் பொறுங்க அண்ணே. பாரு வளந்துரும். உங்க பிள்ளைய மீனத் தேடித் தூரக் கடலுக்குப் போவ வேண்டாம். அதுக்கு நான் பொறுப்பு."

அந்த ஊர் கல்லெடுப்பதை விட்டது. மற்ற ஊரார் பிற்பாடு அரசின் தடைக்குப் பயந்து விட்டார்கள். இவர்கள் அக்காவின் வார்த்தைக்காக விட்டவர்கள். வருமானம் குறைந்தது. இரண்டு குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. அண்ணன் வள்ளத்தை விற்றுவிட்டு வேறொருவர் படகில் கூலிக்குப் போனார். அவர் மனைவி உட்பட ஊர்ப் பெண்கள் சிலர் அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்து, கான்கிரீட்டில் சதுரச் சட்டங்கள் வார்த்தார்கள். அந்தச் சட்டங்களில் உயிருள்ள பவளத் துண்டுகளைக் கட்டி, உடைந்த இடங்களில் கொண்டுபோய் இறக்கினார் அக்கா. துண்டுகள் பிடித்துக்கொண்டன, வளர்ந்தன. மீன் வந்தது. எங்கள் வீட்டில் அக்கா சத்தமாகச் சிரித்தது அந்த ஆண்டுகளில்தான்.

அந்த ஊரில் அவருக்குப் பெயர் 'டாக்டரம்மா'. ஒரு முறை காய்ச்சலில் துவண்ட குழந்தையை ஒரு தாய் அவர் மடியில் கொண்டுவந்து போட்டுவிட்டார். "நான் அந்த டாக்டர் இல்லம்மா" என்று விளக்கிக்கொண்டிராமல், ஜீப்பில் ஏற்றித் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, இரண்டு நாள் அங்கேயே கிடந்தார்.

பெயர் பரவியது. இந்தக் கரை முழுவதிலும் கடல் காக்கும் அமைப்புகளுக்கெல்லாம் அவரைத் தலைவராக்கினார்கள். சென்னை, டில்லி என்று கூட்டங்கள். கடலுக்குள் இருப்பதைவிட நாற்காலியில் இருப்பது அதிகமானது. "தண்ணிக்குள்ள எனக்கு மூச்சு முட்டுனதே இல்லளா. மேடையிலதான் முட்டுது" என்பார். ஆனாலும் போனார். போகாவிட்டால் பணம் வராது, சட்டம் வார்க்கும் பெண்களுக்கு வேலை இருக்காது.

பிறகு அந்தக் கோடை வந்தது. காற்றே இல்லை. கடல் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தது. மூழ்கிவிட்டு வந்த அக்கா, ஈரத் தலையோடு எங்கள் வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். காப்பி கொடுத்தேன். வாங்கவில்லை.

"பாரு பூரா வெள்ளையாக் கெடக்கு ஏளா."

"வெள்ளைன்னா பாக்க நல்லாத்தானக்கா இருக்கும்?" என்று கேட்டேன். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "அது எலும்புளா" என்றார்.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் நிறமிழந்து வெளுத்துவிடும், சூடு நீடித்தால் செத்துவிடும் என்று பிறகு சொல்லிக்கொடுத்தார். அந்தத் தடவை பாதி பிழைத்தது. மீண்டும் நட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து இன்னொரு கோடை, முந்தியதைவிடக் கடுமையாக. நட்டதில் ஏறக்குறைய எல்லாமே போயிற்று. நடாமல் தானே வளர்ந்திருந்த பழைய பாரும் போயிற்று. கடப்பாரையை நிறுத்தச் சொன்னால் கேட்க ஆள் இருந்தது. சூட்டை நிறுத்தச் சொல்லி அக்கா எந்த ஊருக்குப் போவார்?

கோயில் பந்தலில் ஊர்க்கூட்டம் கூட்டி அக்காவே விவரத்தைச் சொன்னார். அன்று துணைக்கு நானும் போயிருந்தேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மிக்கேல் அண்ணன் எழுந்தார். சத்தம் போடவில்லை.

"நீங்க சொன்னியன்னுதான கல்லெடுக்கத விட்டோம். வள்ளத்தையும் வித்தேன். எம் மவன் இப்ப தூரக் கடலுக்குத்தான் போறான். போனா பத்து நாளு ஆவுது. பொறுப்புன்னு சொன்னியளே டாக்டரம்மா?"

அக்கா எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். எத்தனையோ மேடைகளில் பேசியவர், அந்தப் பந்தலில் நின்றபடியே நின்றார். கடைசியில் நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அதே ஆண்டு இன்னொரு சோதனையும் வந்தது. அறக்கட்டளைக்கு நிதி உதவி செய்யும் நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அறக்கட்டளைச் செயலாளர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார். "மேடம், மீண்டு வருதுன்னு ஒரு வரி எழுதுங்க. பொய்யின்னு நெனைக்காதிய, நம்பிக்கைன்னு நெனச்சுக்கோங்க. இல்லன்னா அடுத்த வருசம் எல்லாத்தையும் மூட வேண்டியதுதான்."

"நான் பாத்தத எழுதுகதுதான் என் வேலை. மீளல" என்றார் அக்கா. அப்படியே எழுதினார். உதவி நின்றது. அறக்கட்டளை மூடப்பட்டது. சட்டம் வார்த்த பெண்கள் வேலையிழந்தார்கள். அவர்களில் சிலர் அதற்குப் பின் கடைத்தெருவில் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா செய்தது சரிதானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாமே என்று நானே ஒரு நாள் கேட்டுவிட்டேன். "எழுதியிருந்தா இன்னொருத்தி அத நம்பி வேலைய விட்டுட்டு வந்து இன்னொரு ஊர ஏமாத்துவா" என்றார்.

அதன் பிறகு அக்கா கடலுக்குப் போகவில்லை. மூழ்கும் உடையைத் துவைத்து யாரோ ஒரு மாணவிக்குக் கொடுத்துவிட்டார். மில்லர்புரம் வீட்டில் எங்களோடு இருந்தார். காய் நறுக்குவார், என் மாணவர்களின் விடைத்தாள்களில் மதிப்பெண்களைக் கூட்டிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வருவார். பாட்டுப் பாடும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். வயிற்று வலி என்று சொன்னபோது அல்சர் என்றே நினைத்தோம். கணையத்தில் கட்டி என்று தெரிய வந்தபோது, செய்வதற்கு அதிகம் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும், "நீங்க எவ்வளவு சாதிச்சிருக்கிய" என்றார்கள். அவர்கள் போனதும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். நானும் ஒரு நாள் அப்படித் தேற்றப் பார்த்தேன். "நீ கணக்கு டீச்சர்தானளா? இருந்தது எவ்வளவு, இப்ப மிச்சம் எவ்வளவுன்னு நீயே பாரு" என்றார்.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு காகிதம் எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது இது:

"என் பேச்சைக் கேட்டுத் தொழிலை விட்ட ஊராருக்கு. என்னால் கொடுக்க முடியாத வாக்கை நான் கொடுத்தேன். கடல் சூடாகும் என்று ஓரளவு படித்திருந்தேன். இவ்வளவு சீக்கிரம் என்று நினைக்கவில்லை, நினைக்க விரும்பவில்லை. கல்லெடுக்க வேண்டாம் என்று சொன்னது தவறில்லை. பொறுப்பு என்று சொன்னது தவறு. என்னை மன்னியுங்கள்."

நாசரேத் கல்லறைத் தோட்டத்தில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் அக்காவை அடக்கம் செய்தோம். வேன் பிடித்து அந்த ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மிக்கேல் அண்ணன் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். கடிதத்தை அங்கே வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. நாற்பது நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய் வாசித்தேன். கேட்டுவிட்டு, "கடலச் சூடாக்குனது அவியளா? அவிய எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்றார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "உயிரோட இருக்கும்போது நீரு ஒரு நா போயி இதச் சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடைசி மாதங்களில் வலியைக் குறைத்துக் கொடுத்த மருத்துவருக்கும், அக்காவின் தலையை வாரிவிட்ட செவிலியர் இருவருக்கும், வாரம் தவறாமல் வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், சமைக்க முடியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த மில்லர்புரம் அண்டை வீட்டாருக்கும், அக்காவைத் தன் அக்காவாகவே வைத்துப் பார்த்த என் கணவருக்கும் நன்றி. அக்காவின் மாணவர்களே, இந்த மலரில் அவர் படத்துக்குக் கீழே ஒரு புகழ்ப் பட்டம் போட வேண்டும் என்று கேட்டீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. அவர் விரும்பியிருக்க மாட்டார் என்பதால் போடவில்லை. நீங்கள் கண்டதைக் கண்டபடி எழுதுங்கள், அது போதும். வேன் பிடித்து வந்த ஊராருக்கும், முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தும் அடக்கத்துக்கு வந்து நின்ற அந்தப் பெண்களுக்கும் தனியாக நன்றி.

இதை அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் மிக்கேல் அண்ணன் போன் செய்தார். இந்த வருடமும் காற்றில்லையாம், பார்ப் பக்கம் தண்ணீர் சுடுகிறதாம். "உங்க கிட்டச் சொல்லி என்ன ஆவப் போவுது, இருந்தாலும் சொல்லணும்னு தோணுச்சு" என்றார். சரி அண்ணே என்றேன். போனை வைத்துவிட்டு, சொல்லிவிடலாம் என்று அக்காவின் அறைக் கதவு வரைக்கும் போய்விட்டேன்.